படகுக் கழிப்பறை ஒழுகினால்: பம்பைப் பிரித்துச் சரிசெய்வது முதல் புதிதாக மாற்றுவது வரை

கழிப்பறைக் கதவைத் திறக்கிறீர்கள். பம்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. துடைத்துவிட்டுப் போகிறீர்கள். மறுநாள் காலை அதே இடத்தில் அதே அளவு தண்ணீர். கைக்குக் கிடைக்கும் கிளிப்பையெல்லாம் இறுக்குகிறீர்கள். மூன்றாம் நாளும் தண்ணீர் நிற்கிறது, போதாததற்கு லேசான வாடை வேறு.

தெற்கு இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்து ஹேம்பிள் ஆற்றில், எண்பதுகளில் கட்டிய 28 அடிப் பாய்மரப் படகு ஒன்றை நண்பர் ஒருவரோடு பங்குபோட்டு வைத்திருக்கிறேன். அதன் கழிப்பறையை இதுவரை மூன்று முறை முழுசாகப் பிரித்திருக்கிறேன். முதல் முறை ஒரு வார இறுதி முழுவதும் போனது. மூன்றாவது முறை இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்து, தேநீர் குடிக்கவும் நேரம் இருந்தது. நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வழிகாட்டி கைப்பம்பு வைத்த கழிப்பறைக்கானது. பீங்கான் கோப்பை, பக்கத்தில் நின்றவாக்கில் ஒரு பிளாஸ்டிக் உருளை, அதன் தலையில் மேலும் கீழும் இழுக்கும் கைப்பிடி. சின்னப் பாய்மரப் படகுகளில் அதிகம் கண்ணில் படுவது இந்த வகைதான். ஜாப்ஸ்கோ நிறுவனத்தின் கைப்பம்பு மாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே தெரியும். வேறு நிறுவனங்களுடையதும் உள்ளே ஏறக்குறைய இதே அமைப்புதான்.

போகிற போக்கில் ஒன்று. ஆங்கில மாலுமிகள் படகுக் கழிப்பறையை ‘ஹெட்’ என்பார்கள். பழைய பாய்மரக் கப்பல்களில் மாலுமிகள் ஒதுங்கிய இடம் கப்பலின் தலைமாட்டில், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்முனையில் இருந்தது. அலை தானாகக் கழுவிவிடும். பம்பும் கிடையாது, ஒழுகலும் கிடையாது.

முதலில் பம்புக்குள் என்ன நடக்கிறது

இது புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. உருளைக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனுக்கு மேலே இருக்கும் அறை சுத்தமான கடல்நீருக்கு, கீழே இருக்கும் அறை கழிவுக்கு. கைப்பிடியைத் தூக்கும்போது மேல் அறையின் கடல்நீர் கோப்பைக்குள் பாயும், கோப்பையில் இருப்பது கீழ் அறைக்கு இழுபடும். அழுத்தும்போது கழிவு பின்பக்க வால்வைத் தாண்டிக் குழாய்க்குள் போகும், மேல் அறையில் புதுக் கடல்நீர் நிறையும். ஒரே பிஸ்டன் இரண்டு வேலையையும் செய்கிறது.

இந்த இரண்டு அறைகளையும் பிரித்து வைத்திருப்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒரே ஒரு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். மேல் அறைக்குத் தலையில் ஒரு ரப்பர் வால்வு, கீழ் அறைக்கு அடியில் மடல் போலத் திறந்து மூடும் ஒரு ரப்பர் வால்வு. கழிவு வெளியேறும் இடத்தில் ஜோக்கர் வால்வு. வாத்தின் அலகு மாதிரி நுனியில் ஒரு கீறல் உள்ள ரப்பர் குப்பி அது. வெளியே போவதை விடும், திரும்பி வருவதை விடாது. பிஸ்டன் தண்டு உருளையை விட்டு மேலே வரும் இடத்தில் இன்னொரு சீல். ஒழுகும் இடம் பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாகவோ, குழாய் இணைப்பாகவோ இருக்கும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது

தண்ணீர் நிற்கும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். படகு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும், தண்ணீர் பள்ளம் தேடிப் போகும். எங்கள் படகில் பம்பின் கீழே நின்ற தண்ணீர் உண்மையில் கை கழுவும் தொட்டியின் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் துப்பறிய ஒதுக்குங்கள். பம்பு, கோப்பையின் அடி, எல்லாக் குழாய்கள், மூட்டுகள் என்று சகலத்தையும் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டையும் சுற்றி டாய்லெட் பேப்பர் ஒரு சுற்று கட்டுங்கள். பத்து முறை பம்பை அடியுங்கள். முதலில் நனைகிற காகிதம்தான் குற்றவாளி. எதுவும் நனையவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். பம்பு அடிக்கும்போது மட்டும் ஒழுகுவது ஒரு வகை, சும்மா இருக்கும்போதும் கசிவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் கடல் நேரடியாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது அறிகுறிகள். கைப்பிடியை இழுக்கும்போது தண்டைச் சுற்றித் தண்ணீர் எழும்பி உருளையின் வெளிப்பக்கமாக வழிந்தால் தண்டின் சீல் தேய்ந்துவிட்டது. அதிகம் வரும் கோளாறு இதுதான், வருவது சுத்தமான கடல்நீர் என்பது ஒரு ஆறுதல். உருளையும் அடிப்பலகையும் சேரும் இடத்தில் கசிந்தால் அடி மடல் வால்வின் கேஸ்கெட். அங்கே வருவது சுத்தமாக இருக்காது. கோப்பையின் அடியில் போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் என்றால் கோப்பைக்கு அடியிலிருக்கும் வளைய கேஸ்கெட், அல்லது யாரோ அதிகமாக முறுக்கியதில் பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசல். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் நகம் மாட்டும்.

வெளியே ஒழுகாமல் கோப்பைக்குள்ளேயே தண்ணீர் ஏறுவதும் உண்டு. ஏறுவது கலங்கலாக, வாடையோடு இருந்தால் ஜோக்கர் வால்வு மூடவில்லை, குழாயில் நின்ற கழிவு திரும்புகிறது. தெளிவாக இருந்தால் கடல்நீர் வரும் பக்கத்துக் கோளாறு. அது ஆபத்தானது, ஏனென்றால் பல படகுகளில் கோப்பையின் விளிம்பு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். யாரும் பார்க்காத இரவில் கோப்பை நிறைந்து வழிந்தால் கடல் வந்துகொண்டே இருக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ‘ஃபிளஷ்’ நிலையில் கடல்நீர் கோப்பைக்கு வரும், ‘ட்ரை’ நிலையில் வராது. அதை எப்போதும் ‘ட்ரை’ நிலையிலேயே விடச் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, ஈரமே இல்லாமல் நாற்றம் மட்டும் வருகிறதா? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழிவுக் குழாயை ஒரு நிமிடம் சுற்றிப் பிடியுங்கள். எடுத்துத் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயின் சுவர் வழியாகவே வாடை வெளியேறுகிறது. எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை, குழாயைத்தான் மாற்ற வேண்டும்.

பிரிப்பதற்கு முன்: சீகாக்

படகின் அடியில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டையைத் திறந்து மூடப் பொருத்தியிருக்கும் வால்வுக்கு சீகாக் என்று பெயர். கழிப்பறைக்கு இரண்டு இருக்கும். கடல்நீர் உள்ளே வர 19 மி.மீ. குழாய்க்கு ஒன்று, கழிவு வெளியே போக 38 மி.மீ. குழாய்க்கு ஒன்று. கழிவு கடலுக்குப் போகாமல் படகிலேயே இருக்கும் கழிவுத் தொட்டிக்கு மட்டும் போகும் அமைப்பு என்றால் உள்ளே வருவது ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. ஓட்டை திறந்து கிடந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும், ஒன்பது வாளிக்கு மேல். 19 மி.மீ. ஓட்டையிலேயே 35 லிட்டர். கழிப்பறை ஒரு கலத்தையே முடித்துவிட்ட கதையும் உண்டு. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே யு-1206 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியில், கழிப்பறையில் ஏற்பட்ட கோளாறால் கடல்நீர் உள்ளே புகுந்து பேட்டரிகளை எட்டியது. கிளம்பிய குளோரின் வாயுவால் மேலே வர வேண்டியதாகி, எதிரி விமானங்களிடம் மாட்டி, கடைசியில் மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள்.

என் கதை அவ்வளவு பெரிதல்ல, ஆனால் நான் மறக்கவே மாட்டேன். முதல் முறை பிரித்தபோது உள்வரும் சீகாக்கின் கைப்பிடியைத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு திரும்பியது. பழைய வால்வு இவ்வளவு சுலபமாகத் திரும்புகிறதே என்று சந்தோஷப்பட்டேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். உள்ளே தண்டு ஒடிந்து போயிருந்தது. கைப்பிடி மட்டும் திரும்பியது, உள்ளே வழியை அடைக்க வேண்டிய உருண்டை திறந்தபடியே நின்றது. கிளிப்பைக் கழற்றிக் குழாயை உருவியதும் கட்டைவிரல் கனத்துக்குப் பச்சைத் தண்ணீர் முகத்தில் பாய்ந்தது. உருவிய குழாயை மறுபடி மாட்டக் கை வரவில்லை, எல்லாம் வழுக்கியது. சீகாக் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த கூம்பு வடிவ மர ஆப்பைத் தட்டி இறக்கியதும்தான் மூச்சு வந்தது. நம்மூரில் ஆப்பு வைப்பதைக் கெட்ட அர்த்தத்தில்தான் சொல்வோம். அன்றைக்கு எனக்கு அதைவிட நல்ல வார்த்தை இல்லை.

ஆகவே, மூடியாகிவிட்டது என்று நம்பாதீர்கள், சோதியுங்கள். உள்வரும் பக்கத்தைச் சோதிப்பது எளிது. சீகாக்கை மூடிவிட்டு நெம்புகோலை ‘ஃபிளஷ்’ நிலைக்கு மாற்றிப் பம்பை மெதுவாக அடியுங்கள். கைப்பிடி விறைத்துக்கொள்ள வேண்டும், கோப்பைக்குத் தண்ணீர் வரக்கூடாது. வெளிப்பக்கத்துச் சீகாக்கை மூடுவது இதற்கு அப்புறம். அதை மூடிய பிறகு பம்பைத் தொடாதீர்கள். போக வழியில்லாத கழிவு அழுத்தத்தில் குழாயைப் பிய்த்துக்கொண்டு வந்தால், அறையை எதைக் கொண்டு கழுவுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அங்கே வேறு சோதனை: பம்பின் பின்பக்க மூட்டைச் சற்றே தளர்த்தி வாளியில் வடியவிடுங்கள். 38 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்கு 1.1 லிட்டருக்கும் சற்று அதிகமாகக் கொள்ளும். மூன்று மீட்டர் குழாய் என்றால் சுமார் மூன்றரை லிட்டர். அதற்குள் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால் மூட்டை உடனே இறுக்கிவிட்டு, படகைக் கரையேற்றி வால்வை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

சீகாக் திரும்ப மறுத்தால் குழாயைச் செருகி நெம்பாதீர்கள். பழைய பித்தளை வால்வில் கடல்நீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும். கத்தியால் லேசாகச் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த வால்வு கையோடு உடைந்து வரலாம்.

தேவையானவை

உங்கள் மாடலுக்கான சர்வீஸ் கிட், அதாவது மாற்ற வேண்டிய ரப்பர் பாகங்களின் தொகுப்பு, முதலில். வாங்கும் முன் பம்பின் மாடலும் தயாரித்த காலமும் பாருங்கள். வெளியே ஒரே மாதிரி இருந்தாலும், 2008-க்கு முந்திய ஜாப்ஸ்கோ பம்புக்கும் பிந்தியதற்கும் கிட் வேறு. அதோடு தட்டை, நட்சத்திரம் இரண்டு ஸ்க்ரூடிரைவர்கள், கிளிப்புகளுக்கு 7 மி.மீ. சாக்கெட், ஒரு ஸ்பானர் செட், சிலிகான் கிரீஸ், ரப்பர் கையுறை, வாளி, குப்பைப் பை, பிளாஸ்க்கில் வெந்நீர். அப்புறம், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர் நான்கைந்து. சிரிக்க வேண்டாம். இண்டு இடுக்கில் தேங்கும் திரவத்தை உறிஞ்ச அதற்கு இணையான பொருளை நான் பார்த்ததில்லை.

முந்தின நாளே கோப்பையில் நல்ல தண்ணீர் ஊற்றி முப்பது நாற்பது முறை அடித்துக் குழாயைக் கழுவுங்கள். கடைசியாக ஒரு லிட்டர் வினிகரை உள்ளே இழுத்து இரவெல்லாம் ஊறவிடுங்கள். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயிலும் வால்விலும் சுண்ணாம்பு போல ஒரு படிவு உண்டாக்கும். வினிகர் அதை இளக்கும். பிளீச்சிங் திரவம் ஊற்ற வேண்டாம். அது ரப்பரைக் கெடுக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத ஒரு மீட்டர் அறையில் அந்தச் சோதனை தேவையில்லை.

பிரித்துச் சரிசெய்வது

படி 1. கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்னும் எடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மூன்று மணி நேரம் கழித்து உங்களுக்கு நினைவிருக்காது. அடி மடல் வால்வில் ஒரு சின்ன எடை இருக்கும், ஜோக்கர் வால்வின் மூக்கு ஒரு பக்கம் பார்த்திருக்கும். இரண்டையும் தலைகீழாக மாட்டினாலும் பார்க்கச் சரியாகவே தெரியும்.

படி 2. பம்பிலிருந்து கோப்பைக்குப் போகும் சிறிய குழாயையும் கடல்நீர் வரும் குழாயையும் கழற்றுங்கள். இறுகிப்போன குழாயைக் கத்தியால் அறுக்கத் தோன்றும். அறுத்தால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கில் கீறல் விழும், பிறகு அந்த மூட்டு என்றைக்கும் ஒழுகும். வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் சுற்றிவைத்துவிட்டு முறுக்கினால் வரும்.

படி 3. பின்பக்கக் கழிவு மூட்டைக் கழற்றுங்கள். கீழே டயப்பர் விரித்திருக்கட்டும். ஜோக்கர் வால்வு கையில் வரும். புது வால்வின் கீறல் உதடு மூடினாற்போல இருக்கும். பழையதைப் பார்த்தால் உதடு விரிந்து, உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, சுண்ணாம்பு டப்பாவின் வாய் மாதிரி இருக்கும். கழுவி மறுபடி மாட்டலாமே என்று நினைக்காதீர்கள். இது வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டிய பொருள், விலையும் குறைவு.

படி 4. உருளையை அடிப்பலகையோடு பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி உருளையைத் தூக்குங்கள். இனி வேலையைக் கழிப்பறைக்குள் குனிந்து செய்ய வேண்டியதில்லை, வாளியோடு வெளியே கொண்டு போய்விடலாம்.

படி 5. தலைப்பக்கத் திருகுகளைக் கழற்றி மூடி, மேல் வால்வு, சீல், பிஸ்டன் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஓ-ரிங்கைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டிக் காம்பு போதும். உருளையின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. நீளவாக்கில் கீறல் இருந்தால் புது ஓ-ரிங் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். அப்போது உருளையோடு முழுப் பம்பையே வாங்குவது உத்தமம்.

படி 6. ரப்பர் உட்காரும் ஒவ்வொரு பள்ளத்தையும் பழைய பல்துலக்கியால் வினிகர் தொட்டுத் தேயுங்கள். நான் அவசரப்படும் இடம் இதுதான், திரும்பப் பிரிக்க வேண்டி வந்ததும் இதனால்தான். மணல் அளவு படிவு ஒன்று கேஸ்கெட்டுக்கு அடியில் இருந்தாலே புது ரப்பரும் ஒழுகும்.

படி 7. புது ஓ-ரிங், புது சீல் மாட்டுங்கள். ஓ-ரிங்கிலும் உருளையின் உள்ளேயும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பிஸ்டனை உள்ளே விட்டு நாலைந்து முறை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போக வேண்டும்.

படி 8. மறுபடி மூட்டும்போது திருகுகளில் கவனம். அவை பிளாஸ்டிக்கில் ஏறுபவை. பழைய மரையிலேயே ஏறாமல் புதிதாக ஒரு மரை வெட்டிக்கொண்டால் இரண்டாம் முறைக்குப் பிளாஸ்டிக்கே மிஞ்சாது. திருகை வைத்ததும் முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ‘டக்’ என்று சின்னதாக இறங்கும். அங்கேதான் பழைய மரையின் வாய். அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் விரலாலேயே பாதி தூரம் போய்விடும். எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கேஸ்கெட் பிதுங்கத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

படி 9. குழாய்களை மாட்டுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு மூட்டுக்கும், முனை நீளம் இடம் கொடுத்தால், இரண்டு கிளிப்புகள், இறுக்கும் தலைகள் எதிரெதிர்ப் பக்கம். கிளிப் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பட்டை பளபளக்கும் சில மலிவான கிளிப்புகளில் இறுக்கும் திருகு மட்டும் சாதா இரும்பாக இருக்கும், ஒரு காந்தம் கொண்டு போனால் கடையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

மின்சாரக் கழிப்பறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மோட்டாருக்கும் அரைக்கும் பகுதிக்கும் நடுவிலிருக்கும் சீல்தான் பெரும்பாலும் போகும். பிரேக்கரை அணைக்காமல் அங்கே விரல் விடாதீர்கள், உள்ளே சுற்றுவது கத்தி.

சரிசெய்வதா, புதிதே வாங்குவதா

கிட், முழுப் பம்பு, முழுக் கழிப்பறை என்று மூன்று விலையையும் ஒரே கடையில் ஒன்றாகக் கேளுங்கள். தேய்ந்த ரப்பர் மட்டும்தான் பிரச்சினை என்றால் கிட். உருளையில் கீறல், மரை போன திருகு ஓட்டைகள் என்றால் பம்பு. அடிப்பலகையில் விரிசல், கோப்பையில் விரிசல், போல்ட்டுகள் துருவில் கரைந்த நிலை, இவற்றில் இரண்டு சேர்ந்தால் முழுசாக மாற்றுவதுதான் என் கட்சி. பழைய பாகங்களோடு போராடும் ஒரு வார இறுதிக்கும் விலை இருக்கிறது.

மாற்றும்போது அதே நிறுவனத்தின் அதே அளவு மாடலை வாங்கினால் போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். ஆனாலும் அளந்துகொண்டு போங்கள். ஓட்டைகளின் இடைவெளி, கோப்பையின் உயரம், பின்சுவரிலிருந்து தூரம், கைப்பிடி முழு உயரத்துக்கு எழும்ப இடம். பெரிய கோப்பை உட்கார வசதி என்று ஆசைப்பட்டு வாங்கிக் கதவை மூட முடியாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

பழையதைத் தூக்கியதும் அடியில் இருக்கும் மரத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். ஒழுகி ஒழுகி மெத்தென்று ஆகியிருக்கலாம். தளர்ந்த ஓட்டைகளைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்ததும் புதிதாகத் துளையுங்கள். அடியில் கை போகும் இடம் என்றால் திருகுக்குப் பதில் ஊடுருவும் போல்ட்டும் அகலமான வாஷரும் நல்லது. ஓட்டையைச் சுற்றி பியூட்டைல் நாடா வையுங்கள். நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பாலியூரித்தேன் பசை வேண்டாம், அடுத்த முறை கழற்றப்போவதும் நீங்கள்தான். கோப்பையின் போல்ட்டுகளை மட்டும் அளவாக இறுக்குங்கள். கோப்பை ஆடக்கூடாது, அவ்வளவுதான். பீங்கான் முன்னறிவிப்பு இல்லாமல் வெடிக்கும்.

கழிவுக் குழாயை இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடுங்கள். கழிப்பறைக்கென்றே விற்கும், வாடை கசியாத 38 மி.மீ. குழாய் வாங்க வேண்டும். அது முரட்டுக் குழாய். முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, முறுக்கியபடி தள்ளினால்தான் ஏறும். பழைய குழாயைத் தூக்கி எறிய மனமில்லையா? கரைக்குக் கொண்டுபோய்க் கல்லில் துணி துவைப்பது போல அடித்தால் உள்ளே இருக்கும் படிவு கட்டி கட்டியாக உதிரும். நான் ஒரு முறை அப்படி அடித்ததில் அரை வாளி வந்தது. குழாயின் உள்விட்டம் பாதியாகியிருந்தது. பம்பு அடிக்கக் கை வலித்ததற்குக் காரணம் பம்பு அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

மேலே ஏறி இறங்கும் வளைவு

கோப்பையின் விளிம்பு கடல் மட்டத்துக்குக் கீழேயோ, படகு சாயும்போது கீழே போகும் அளவிலோ இருந்தால், இரண்டு குழாய்களும் மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். வளைவின் உச்சி, படகு எவ்வளவு சாய்ந்தாலும் கடல் மட்டத்துக்குக் குறைந்தது 20 செ.மீ. மேலே இருக்க வேண்டும். உச்சியில் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். சைஃபன் பிடித்து, அதாவது குழாயில் நிறைந்த தண்ணீர் தானாகவே தொடர்ந்து ஓடி, கடல் உள்ளே இழுபடாமல் தடுப்பது அதுதான்.

உள்வரும் பக்கத்தில் இந்த வளைவைச் சீகாக்குக்கும் பம்புக்கும் நடுவில் வைத்துவிடுகிறார்கள், அது தவறு. பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். வளைவு வர வேண்டிய இடம் பம்புக்கும் கோப்பைக்கும் நடுவில். படி 2-இல் கழற்றிய, கோப்பைக்குப் போகும் சின்னக் குழாயை நீளமானதாக மாற்றி, சுவரில் ஏற்றி இறக்கினால் போதும். அந்தக் காற்று வால்வில் உப்பு அடைத்துக்கொள்ளும், பருவத்துக்கு ஒரு முறை கழற்றி வெந்நீரில் கழுவுங்கள்.

வெளியே விடுவது பற்றிச் சுருக்கமாக. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பாருங்கள். அமெரிக்காவில் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடக்கூடாது. சுவீடனில் உல்லாசப் படகுகள் கழிவைக் கடலில் விடுவதற்கே 2015-இலிருந்து தடை. இங்கே ஹேம்பிளில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் தொட்டியில் சேர்த்து, உறிஞ்சி எடுக்கும் நிலையத்தில் கொடுப்பதுதான் மரியாதை. கழிப்பறையை மாற்றும்போதே தொட்டிக்கும் குழாய் இழுத்துவிட்டால் இரண்டாவது முறை தரையைப் பிரிக்க வேண்டாம்.

சோதனை

உள்வரும் சீகாக்கை மட்டும் முதலில் திறந்து பத்து நிமிடம் காத்திருங்கள். மூட்டுகளில் மறுபடி டாய்லெட் பேப்பர். எதுவும் நனையவில்லையென்றால் வெளிப்பக்கத்தையும் திறந்து இருபது முறை அடியுங்கள். தண்டு, உருளையின் அடி, பின்பக்க மூட்டு, கோப்பையின் அடி என்ற வரிசையில் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு கோப்பையை ‘ட்ரை’ நிலையில் காலி செய்து, அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரின் மட்டத்தைப் பென்சிலால் பீங்கானில் குறித்து, சீகாக்குகளைத் திறந்தபடியே விட்டு, கீழே செய்தித்தாள் விரித்துவிட்டு அன்றிரவு படகிலேயே தூங்குங்கள். வீட்டுக்குப் போய்விடாதீர்கள். காலையில் தாள் காய்ந்திருந்து, மட்டம் பென்சில் கோட்டிலேயே இருந்தால் வேலை முடிந்தது. சீகாக்குகளை மூடிவிட்டுக் கிளம்பலாம்.

புதுக் குழாய் ஒரு வாரத்தில் சற்றே அமுங்கும், கிளிப்புகளை மறுபடி அரைச் சுற்று இறுக்க வேண்டியிருக்கும். நான் அடுத்த ஜோக்கர் வால்வை இப்போதே வாங்கி, பழையதைக் கழற்றிய தேதியைப் பையின் மேல் எழுதி, மர ஆப்பு தொங்கும் அதே கொக்கியில் மாட்டிவிட்டேன்.